மணலில் வைத்த பாம்பு

கேள்வி: வெள்ள நிவாரண முகாமில் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இரண்டு நாள் பயிற்சியில், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யுங்கின் உளவியலும், பிள்ளைகள் மணலில் பொம்மைகளை வைத்து மனதில் உள்ளதைக் காட்டும் மணல் பெட்டி விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் தினமும் ரப்பர் பாம்பை எடுத்துப் பொம்மை வீட்டின் மேல் வைக்கிறான். பாம்பு என்றால் 'நிழல்', அதாவது யுங் சொல்லும் மனதின் மறைந்த பக்கம், என்று நோட்டில் குறித்திருக்கிறேன். அவன் அம்மாவிடம் சொல்லலாமா?
— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: சொல்லாதீர்கள் தம்பி. நோட்டில் எழுதியதையும் அடித்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் பாம்பு வரும். அவன் கண்ணால் பார்த்ததாகவே இருக்கலாம்.

இன்ன பொருளுக்கு இன்ன அர்த்தம் என்று பட்டியல் போடுவதை யுங்கே ஏற்கவில்லை. கனவில் ஒரு பொருள் வந்தால், கண்டவருக்கு அதைப் பற்றி என்ன தோன்றுகிறது என்றுதான் முதலில் கேட்பார். தன் மூத்த சகாவான உளவியலாளர் ஃப்ராய்டைப் பிரிந்த பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில், மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏரிக்கரையில் கல் பொறுக்கிக் குட்டி வீடுகளும் தேவாலயமும் கட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். நோயாளிகள் வரும்வரை அதுதான் வேலை. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் குழந்தைகளுக்கு மணலும் பொம்மைகளும் கொடுத்தார். அவர்கள் செய்ததை அவர்களே 'உலகம்' என்று அழைத்தார்கள். 1950-களில் அங்கே போய்க் கற்றுக்கொண்ட சுவிட்சர்லாந்துக்காரர் டோரா கால்ஃப், அதை யுங்கின் வழியோடு சேர்த்தார். பேரிடர், வறுமை சூழ்ந்த இடங்களுக்கு இதைக் கொண்டுபோனவர்களில் இத்தாலியின் ஏவா பாட்டிஸ் சோயா முக்கியமானவர். அவர் முறையில் ஒரே அறையில் பல பிள்ளைகள். ஆளுக்கொரு பெட்டி, பக்கத்தில் ஆளுக்கொரு பெரியவர். பெரியவர் நிபுணராக இருக்க வேண்டாம், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் போதும். விளக்கம் சொல்லக் கூடாது. சீனாவில் 2008 சிச்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஷென் ஹேயோங் குழுவினரும் பிள்ளைகளுக்கு மணல் பெட்டி வைத்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான் இதில் கஷ்டம். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2005-இல் நாகப்பட்டினம் பக்கம் சுனாமி முகாம் ஒன்றில் இருந்தேன். பெட்டியின் அடி நீலமாக இருக்கும். மணலை விலக்கினால் தண்ணீர் மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக. யாரிடம் போய் அதை வைத்தோம், பாருங்கள்! ஒரு சிறுமி மணலை விலக்கினாள். நீலம் தெரிந்ததும் இரண்டு கையாலும் அள்ளி மூடினாள். நான் அவசரக்குடுக்கை, "கடலா பாப்பா?" என்று கேட்டுவிட்டேன். எழுந்து போனவள் இரண்டு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது சும்மா பக்கத்தில் இருந்தேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு, ஒரு விரல் அகலத்துக்குக் கோடு இழுத்து நீலத்தைத் தெரியவிட்டாள். ஓரத்தில் ஒரு சோப்பு டப்பா மூடியை வைத்தாள். படகாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

கேள்வி: வீடு இல்லாதவனுக்கு யுங்கும் மணலும் எதற்கு?
— ஓய்வுபெற்ற தாசில்தார், திருவாரூர்

பதில்: நியாயமான கோபம் ஐயா. 2007-இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் உங்கள் கட்சிதான்: பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும் கீழ்த்தளம், அதன் மேல் குடும்பமும் ஊரும், சிறப்புச் சிகிச்சை உச்சியில். சோறு, கூரை, கக்கூஸ், காணாமல்போனவர் பற்றிய தகவல், அப்புறம்தான் என் மணல். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சைகளுக்கு இருக்கிற அளவு ஆய்வுச் சான்று இதற்கு இல்லை. பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால் பெட்டியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மாவட்ட ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்; அரசின் மனநல உதவி எண்ணான 14416-இலும் பேசலாம்.

கேள்வி: முகாமில் நர்ஸாக இருக்கிறேன். ராப்பகலாக உழைத்தும் யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. அவர்கள் மேல் எரிச்சல் வருகிறது. நான் கெட்டவளா?
— எஸ்., சிதம்பரம்

பதில்: இல்லைம்மா. கடலூர்த் தம்பி பையன் தலையில் கட்டிய 'நிழல்' என்ற சொல் உங்களுக்கும் எனக்கும்தான் பொருந்தும். உதவி செய்கிறவருக்குள்ளே ஒரு அதிகார ஆசையும் ஒளிந்திருக்கும் என்று யுங் வழிவந்த மனநல மருத்துவர் கூகன்பூல்-கிரெய்க் 1971-லேயே எழுதினார். எரிச்சலை நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் கட்டாயம் லீவு எடுங்கள். நாகப்பட்டினத்தில் என் பொம்மைக் கூடையை வேறு ஒரு தன்னார்வலர் தொட்டாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன்.