கோபுரத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது

கேள்வி: அம்மா, எனக்கு ஊர் கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பி.காம். முடித்திருக்கிறேன், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி தெரியும். வேலை தேடி மதுரைக்கு வந்து, அண்ணா நகரில் ஊர்க்காரப் பையன்களோடு ரூமில் இருக்கிறேன். அப்பா மிளகாய் போட்ட காசில்தான் வாடகை கட்டுகிறேன். போகிற இடத்திலெல்லாம் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு ‘சொல்லி அனுப்புறோம்’ என்கிறார்கள், அதோடு சரி. வந்த புதிதில் தினமும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். இப்போது கோபுரத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது. அம்மா போனில் ‘கோயிலுக்குப் போனியாப்பா’ என்று கேட்டால் ‘போனேம்மா’ என்று பொய் சொல்கிறேன். 6,000 ரூபாயில் பரிகாரம் செய்தால் வேலை நிச்சயம் என்கிறார் ஒரு ஜோசியர். ஒரு கன்சல்டன்சியில் 3,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். யாரை நம்புவது? சாமி கும்பிடுவதையே விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பி, முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். ஜோசியருக்கும் கொடுக்க வேண்டாம், கன்சல்டன்சிக்கும் கொடுக்க வேண்டாம். ஆள் தேவைப்படுகிற கம்பெனி, வேலைக்கு வருகிறவனிடம் கை நீட்டாது. அப்பா வெயிலில் காய வைத்து அள்ளிய மிளகாய்க் காசு அது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் தவிர வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது, அந்த ‘சொல்லி அனுப்புறோம்’. நான் ஒரு நூற்பு மில்லில், ஆள் எடுக்கிற பர்சனல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் பயோடேட்டாவை நீட்டுகிற மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். டிராயருக்குள் ரப்பர் பேண்டு போட்ட பயோடேட்டா கட்டு ஒன்று இருக்கும். அக்கவுண்ட்ஸில் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றால் கட்டைப் பிரித்து மேலே இருக்கிற நாலைந்தைத்தான் எடுப்போம். அடியில் இருப்பவன் கெட்டிக்காரனா என்று பார்க்க அன்றைக்கு நேரம் இருக்காது. சில சமயம் ஆள் எடுக்க முதலாளி சரி என்று சொல்லியிருப்பார், மறுநாள் ‘அடுத்த மாசம் பார்ப்போம்’ என்பார். நின்றவரே திரும்பி வந்துவிடுவதும் உண்டு. இதில் எதற்கும் உங்கள் மார்க்கோடோ உங்கள் சாமியோடோ சம்பந்தமே இல்லை. கூப்பிடவில்லை என்பதைத் தெய்வம் கைவிட்டதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது டிராயருக்குள் நடக்கிற சங்கதி.

அதனால் ஒரு தடவை கொடுத்த இடத்துக்கு மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி போங்கள். ‘போன மாசம் வந்தேன் சார், ஏதாவது இடம் இருக்கா’ என்று கேட்டுப் புதுக் காகிதம் ஒன்றைக் கொடுங்கள். உங்கள் பெயர் கட்டின் மேலே வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுபடி வருகிற பையனை எங்கள் ஆபீசில் யாரும் கேவலமாக நினைத்ததில்லை. முகம் நினைவில் நிற்கும்.

போகிற நாளும் முக்கியம். கணக்கு வேலை தேடுகிற பிள்ளைகள் பலர் இதைக் கவனிப்பதில்லை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி கடைசி, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி கடைசி. அந்தப் பத்து நாளும் ஆடிட்டர் ஆபீசில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். 21-ஆம் தேதிக்கு மேல் போங்கள், உட்கார வைத்துப் பேசுவார்கள். ஜூன், ஜூலையில் வருமான வரி வேலை குவியும்போது கூடுதல் ஆள் தேடுவார்கள். ஆடிட்டர் ஆபீசில் முதல் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் அங்கே வேலை பார்த்தால் கப்பலூர், கோ.புதூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ‘அனுபவம் உண்டா’ என்ற கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம். கோ.புதூரில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். தனியார் கம்பெனிகளுக்கான முகாம் எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில் வைப்பார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ரூமில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்க்கிற பகல் நேரத்தைப் புது நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்தில் கழியுங்கள். 2023-இல் திறந்தது, விசாலமான கட்டடம். உங்களைப் போலப் படிக்கிற, விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். தனியாகத் தவிக்கிறோம் என்ற நினைப்பு பாதி குறையும்.

இனி சாமி. விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் தம்பி. ஆனால் இதுவரை கும்பிட்டது போலவும் வேண்டாம். தினமும் போனதை வேலைக்குக் கட்டிய முன்பணம் போல வைத்துக்கொண்டீர்கள்; பொருள் வரவில்லை என்றதும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடேயே உள்ளே போங்கள். தேவாரம் பாடிய சுந்தரர் சாமியோடு சண்டை போட்டவர்தான்; கண் போன பிறகு திருவாரூரில் நின்று ஏசியே பாடினார். அவரை யாரும் பக்தியில்லாதவர் என்று சொல்லவில்லை.

இந்த ஊர்ச் சாமிக்கு வேலை தேடி அலைகிறவன் பாடு தெரியாது என்று நினைக்காதீர்கள். வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சொக்கநாதர் கூலியாளாக இதே தெருக்களில் ‘கூலிக்கு ஆள் வேண்டுமா’ என்று கூவிக்கொண்டு வந்தார். உதிர்ந்த பிட்டுதான் சம்பளம். மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். ஆவணி மூலத்துக்கு ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்குச் சாமி எழுந்தருளுவதைப் போய்ப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கூலி கேட்டுத் தெருவில் நின்ற சாமியிடம் வேலை கிடைக்கவில்லை என்று சொல்ல நமக்கு என்ன கூச்சம்?

தினமும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், கூட்டம் சேருவதற்கு முன்னால் காலையில் போய்விட்டு, பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அந்த வாரம் ஏறி இறங்கிய கம்பெனிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், வாசலில் இருந்த செக்யூரிட்டி விரட்டியது உட்பட. ‘இந்த மாசத்துக்குள் வேலை கிடைத்தால் மொட்டை போடுகிறேன்’ என்று தேதி வைத்து வேண்டாதீர்கள். சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள், அது போதும்.

அம்மாவிடம் பொய் வேண்டாம். ‘கோபமா இருக்கேம்மா, ரெண்டு வாரமாப் போகலை’ என்று சொன்னால் அவர் உடைந்துவிட மாட்டார். மிளகாய்க் காட்டில் எத்தனை வறட்சி பார்த்தவர்! மாசிக் களரிக்கு ஊருக்குப் போங்கள். கையில் வேலை இல்லாமல் எந்த முகத்தோடு பங்காளிகள் முன்னால் நிற்பது என்று ஒதுங்கிவிடாதீர்கள். வெளியூர்களில் கடை வைத்திருக்கிற சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் அன்றைக்குக் குலசாமி கோயில் வாசலில்தான் இருப்பார்கள். கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தேடுகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். மதுரையில் ஒரு கம்பெனியில் இண்டர்வியூவுக்கு வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜும்மா தொழுகை நேரம் அது. மாற்றிக் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று வாப்பா பயப்படுகிறார். கேட்கலாமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். இன்றைக்கே போன் செய்து, ‘ஒரு மணிக்கு ஜும்மா இருக்கு சார். 11 மணிக்கு வரட்டுமா, இல்லை 2.30-க்கு வரட்டுமா’ என்று நீங்களே இரண்டு நேரம் சொல்லுங்கள். வர முடியாது என்று சொல்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. எங்கள் மில்லில் இப்படிக் கேட்டவர்களுக்கு நேரத்தை மாற்றித் தந்திருக்கிறோம். நேரம் சொல்லிக் கேட்கிற பிள்ளை வேலையிலும் நேரம் தவறாது என்றே எங்கள் மேனேஜர் சொல்வார்.

வேலை கிடைத்தால் ஒவ்வொரு வெள்ளியும் இதே நேரம் உங்களுக்குத் தேவைப்படும். ஆகவே இண்டர்வியூவிலேயே, அந்த நேரத்தை மாலையில் இருந்து ஈடு செய்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு தெரிந்து மனக்கசப்பு வருவதைவிட அது மேல். வாப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நேரத்தை மாற்றித் தந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியவர் அன்றைக்கு லீவில் இருக்கலாம்.