வால்வு ரேடியோவை மியூசியத்துக்குக் கொடுக்குமுன் பிளக்கைச் செருகாதீர்கள்

கேள்வி: தாத்தா வாங்கிய பிலிப்ஸ் வால்வு ரேடியோ முப்பது வருடமாகப் பரணில் கிடக்கிறது. வேலூர் கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஆசை. பாட வைத்துத்தான் கொடுக்க வேண்டுமா? உள்ளே புது போர்டு போட்டுப் பாட வைப்பதாக ஒருவர் சொல்கிறார். (குடியாத்தம் வாசகர்)

பதில்: பாடுகிறதா பார்ப்போம் என்று பிளக்கை மட்டும் செருகிவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் கண்டென்சர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள்) காய்ந்தும் கசிந்தும் போயிருக்கும், கரண்டு ஏறியதும் ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரையும் கருக்கிவிடும், அதற்கு மாற்று லேசில் கிடைக்காது.

மியூசியத்துக்கு அந்த செட் அன்று இருந்தபடியே வேண்டும். கொழும்பு ஸ்டேஷன் தேடி முள்ளை நகர்த்திய டயல், கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் வால்வுகள், அவற்றைத் தாங்கும் தகரச் சட்டமான சேஸிஸ், பின்பக்க அட்டை எல்லாமே. புது போர்டு போட்டால் மரப்பெட்டிதான் மிஞ்சும். கழற்றிய வால்வுகளை என்ன செய்வீர்கள் என்று அந்த ஆளிடம் கேளுங்கள், பழைய ஆம்ப்ளிஃபயர் பிரியர்களிடம் அதற்கு நல்ல விலை உண்டு.

இன்னொரு கூட்டம் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று வரும், பூண்டைக் காட்டிச் சோதனைகூட செய்யும். அப்படி ஒரு பொருள் எந்த ரேடியோவிலும் கிடையாது! காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் இதை நம்பி அத்தனை வால்வையும் உடைத்துப் போட்டிருந்தார்கள், பார்க்கவே வயிறு எரிந்தது.

சரி, பாட வைத்தே ஆக வேண்டுமென்றால் பழைய கண்டென்சர் கூட்டுக்குள் புதியதை ஒளித்து வைத்து, 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் (செட்டுக்குப் போகும் கரண்டு பல்பு வழியாகவே போகும்படி) போட்டுத்தான் முதலில் கரண்டு கொடுக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு பிரகாசமாகவே எரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் ஏசி, டிசி இரண்டு வகைக் கரண்டிலும் ஓடும் ஏசி/டிசி செட் என்றால் கதையே வேறு. அதில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, மெயின் வயர் ஒன்று நேராக சேஸிஸுக்கே போகும். பிளக் திரும்பிவிட்டால் தகரம் முழுக்க 230 வோல்ட், குமிழில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். வால்வின் மேல் யுசிஹெச், யுஎல், யுஒய் என்று யு-வில் தொடங்கும் எழுத்து இருந்தால் அது இந்த வகைதான். பல்பு சீரியஸில் இருந்தாலும் ஷாக் அடிக்கும், அதனால் பின்மூடியைத் திறந்து அந்த எழுத்தைப் பார்ப்பதைக்கூட விவரம் தெரிந்த மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

நான் ஒரு சேகரிப்புக்கு வேலை செய்தபோது பழைய வால்வுக்கும் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். இந்த வால்வு யாரிடம் மூன்று இடத்தில் இருக்கிறது? குறைந்த விலை போட்டவர் வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார், டயல் எழுத்தெல்லாம் அழிந்தது. அதனால் கொடுக்கும்போதே 'உள்ளே எதையும் மாற்றக் கூடாது' என்று எழுதி, ஒப்புகை வாங்குங்கள்.

அப்புறம், அன்று ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீஸில் கட்டணம் கட்டிய லைசென்ஸ் புத்தகம் வீட்டில் எங்காவது இருக்கும். தேடி எடுத்து, டேப் எதுவும் ஒட்டாமல், செட்டோடு சேர்த்தே கொடுங்கள்.