துட்டு கெட்ட வார்த்தையா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: எட்டாவது படிக்கும் மகள் கட்டுரையில் 'மீன் விற்ற துட்டு' என்று எழுத, டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டாராம். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, அது துஷ்டன் என்பதிலிருந்து வந்த சொல், வீட்டில் பேசவே கூடாது என்கிறாராம்.

பெரியவர் சொல்வது தப்பு. துட்டன் வேறு, துட்டு வேறு, ஓசை மட்டும்தான் ஒன்று. டச்சுக்காரர்களிடம் 'டுயிட்' என்று ஒரு சின்னச் செப்புக்காசு இருந்தது, 160 சேர்ந்தால்தான் அவர்களுடைய பெரிய நாணயமான ஒரு கில்டர். துட்டு அதிலிருந்து வந்தது என்பதுதான் பரவலான கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஏனென்றால் உங்கள் ஊரிலும் பரங்கிப்பேட்டையிலும் 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் பண்டகசாலை வைத்துத் துணி வாங்கிக்கொண்டிருந்தார்கள், 1693இல் புதுச்சேரியையே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்துச் சில வருடம் வைத்திருந்தார்கள். மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அங்கே மலாய்க்காரர்கள் பணத்தை இன்றைக்கும் 'டுயிட்' என்றுதான் சொல்வார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கென்று அடித்த செப்புக்காசின் பெயரும் 'டூடூ'தான். ஒரு பக்கம் லில்லிப் பூ, திருப்பினால் தமிழ் எழுத்தில் ஊர்ப்பெயர்!

துட்டு என்றால் எண்ணிக் கொடுக்கிற காசு என்பதற்குப் பழமொழியே இருக்கிறது: 'துட்டுக்கு எட்டுச் சட்டி வாங்கி, சட்டி எட்டுத் துட்டுக்கு விற்றாலும் வட்டிக்கு ஈடு கட்டாது.' அப்புறம்தான் அது மொத்தமாகப் பணத்தைக் குறிக்க ஆரம்பித்திருக்கிறது. 'கையில துட்டு இல்ல' என்றால் சட்டைப்பை காலி. 'நல்லா துட்டு பார்த்துட்டான்' என்றால் குறுகிய காலத்தில் நிறைய சேர்த்துவிட்டான்.

டீச்சர் திருத்திப் போட்டிருக்கும் 'பணம்' என்பதும் ஒரு காலத்தில் ஒரு நாணயத்தின் பெயர்தான், வெள்ளைக்காரன் வாயில் அது 'ஃபனம்'. நம் காசு போர்ச்சுகீசியர் வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற சின்ன நாணயத்தின் பெயரானது, ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அதனால் பிறப்பை வைத்து துட்டைத் தள்ளிவைக்க ஒரு நியாயமும் இல்லை. இடம்தான் பார்க்கணும். பேங்க் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் 'தொகை', 'பணம்' என்று எழுதட்டும். கட்டுரையில் மீன் விற்கும் பாட்டி பேசுகிற இடத்தில், மேற்கோள் குறி போட்டு, தாராளமாகத் துட்டு என்றே எழுதட்டும். டீச்சரிடமும் இதையே பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.