கப்பல் பயணத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாடு: வாசகர் கேள்வி – பதில்

கே: சீலியாக் நோய் (கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று போன மாதம்தான் உறுதியானது. அதற்கு முன்பே ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டோம். போகலாமா?

ப: தாராளமாகப் போகலாம். ஊருக்கு ஊர் புது ஹோட்டலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது சுலபம். வாரம் முழுக்க அதே சமையல்காரர்கள், அதே பணியாளர்கள். ஆனால் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சிறப்பு உணவு தேவைப்படுவோர் முன்கூட்டியே தெரிவிக்கக் கப்பல் நிறுவனங்கள் வழி வைத்திருக்கின்றன. இரண்டு மாதம் இருக்கும்போதே எழுதி அனுப்பி, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் மூலம் பதிவு செய்திருந்தால், தகவல் போய்ச் சேர்ந்ததா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். வெறுமனே 'குளூட்டன் வேண்டாம்' என்று எழுதினால் ஏதோ டயட் என்று நினைத்துவிடுவார்கள். 'சீலியாக் நோய், கோதுமை, பார்லி, ரை துளி கலந்தாலும் ஆகாது, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி தேவை' என்று எழுத வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு, தினமும் ஒரே நேரம், ஒரே மேஜை என்ற ஏற்பாடு இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். முதல் இரவே ஹெட் வெயிட்டரைப் பார்த்துப் பேசி, மறுநாள் மெனுவை அப்போதே கொண்டுவரச் சொல்லித் தேர்வு செய்துவிடுங்கள். சாஸும் சூப்பும் பெரிய பாத்திரங்களில் முன்னதாகவே தயாராகிவிடும். மாவு போட்டுக் கெட்டியாக்கியதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. முன்பே தெரிந்தால் மாவு சேர்க்குமுன் ஒரு பங்கு தனியே எடுத்துவைப்பார்கள், இல்லாவிட்டால் சோளமாவு போட்டுச் செய்வார்கள். தட்டு வரும்போதெல்லாம் "இது குளூட்டன் இல்லாத ஆர்டர்தானே?" என்று கேட்கத் தயங்காதீர்கள். வழக்கமான வெயிட்டர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் பெரும்பாலும் தட்டு மாறும்.

கே: பஃபேயில் 'குளூட்டன் இல்லை' என்று சீட்டு வைத்த பதார்த்தங்களை எடுத்துக்கொள்ளலாம்தானே?

ப: எங்களைக் கேட்டால், பஃபே பக்கமே போகாதீர்கள் என்போம். சீட்டில் எழுதியிருப்பது சமையலறையிலிருந்து வெளியே வந்த நிமிடத்துக்குத்தான் பொருந்தும். பிறகு பாஸ்தா கிண்ணத்து இடுக்கியை யாரோ சாலட்டில் போடுவார், பிரெட் துகள் பழத்தட்டில் சிந்தும். ஒரு ஸ்லைஸ் பிரெட்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அதாவது அந்த ஸ்லைஸில் 200-ல் ஒரு பங்கு! வேறு வழியில்லை என்றால் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து புதிதாக எடுத்துவரச் சொல்லுங்கள். அதைக் கேட்க வெட்கம் வேண்டாம்.

காலையில் ஆம்லெட் போடும் இடத்திலும் கவனம். அதே தட்டையான கல்லில் பான்கேக் வார்த்திருப்பார்கள். முட்டைக் கலவையிலேயே பான்கேக் மாவு சேர்க்கும் சமையலறைகளும் உண்டு. முழு முட்டையைத் தனி வாணலியில் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள்; அவித்த முட்டை என்றால் இந்தக் கவலையே இல்லை. எல்லோருடைய பிரெட்டும் போடும் டோஸ்டரில் போட்டால் குளூட்டன் இல்லாத பிரெட்டும் வீண்தான். உங்கள் ரொட்டியைச் சுடாமலே வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: உருளைக்கிழங்கு வறுவலில் மாவே கிடையாதே?

ப: கிழங்கில் கிடையாது, எண்ணெயில் உண்டு. அதே எண்ணெயில்தான் பிரெட் தூள் புரட்டிய மீனும் பொரிந்திருக்கும். எண்ணெய்ச் சூட்டில் குளூட்டன் அழியாது. சோயா சாஸ், மால்ட் வினிகர், நண்டு போலச் செய்த மீன் துண்டுகள், பீர் ஆகியவற்றிலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத குளூட்டன் இருக்கலாம்.

கே: கையோடு ஏதாவது கொண்டுபோகலாமா?

ப: பிரிக்காத பாக்கெட்டுகளுக்குப் பொதுவாகத் தடை இல்லை, நிறுவனத்தின் விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டோஸ்டர், ரைஸ் குக்கர் போன்றவற்றைத் தீ அபாயம் என்று ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாக்கெட்டுகள் முக்கியமாக இரண்டு சமயத்தில் உதவும்: பஃபே மட்டுமே திறந்திருக்கக்கூடிய ஏறும் நாள் மதியத்திலும், கரையில் சுற்றும் நாட்களிலும். ஆனால் பழம், இறைச்சி, பால் பொருட்களைக் கப்பலிலிருந்து கரைக்கு எடுத்துப்போகப் பல துறைமுகங்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே உலர்ந்த தின்பண்டங்களே உத்தமம். சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். வாசலில் பீய்ச்சும் சானிடைசர் கிருமியைக் கொல்லலாம், ஆனால் கையில் ஒட்டிய மாவை அகற்றாது.

கே: பயணத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் குளூட்டன்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ப: நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கப்பல்களில் நோரோவைரஸ் என்ற வயிற்றுத் தொற்றுக் கிருமி பரவுவது உண்டு. தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் இதே தொல்லைகளைத் தரும். கப்பல் மருத்துவரிடம் சீலியாக் இருப்பதையும், கடைசியாக என்ன, எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தொற்று என்று சந்தேகித்தால் கேபினை விட்டு வரக் கூடாது என்பார்கள். அப்போது அறைக்கு வரும் சாப்பாட்டுக்கும் ஹெட் வெயிட்டரிடமே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அறைச் சேவை எண்ணில் எடுப்பவருக்கு உங்கள் விவரம் தெரிந்திருக்காது.