டாக்ஸ்டிரிங் இருந்தும் சந்தேகம் தீராதது ஏன்?

கேள்வி: ஈமாக்ஸ் எடிட்டருக்காக உரைகளைக் கையாளும் சிறு பேக்கேஜ் ஒன்றை வெளியிட்டிருக்கிறேன். எல்லா ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்டிரிங், அதாவது நிரலுக்குள்ளேயே இருக்கும் விளக்கக் குறிப்பு, எழுதியிருக்கிறேன். ஆனாலும் பயன்படுத்துவோர் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

பதில்: அந்தச் சந்தேகங்களிலிருந்தே தொடங்குங்கள். ஃபங்ஷனின் பெயரைப் பார்த்தாலே புரிவதை டாக்ஸ்டிரிங்கில் மறுபடி எழுதிவிட்டு, வழக்கத்துக்கு மாறான உள்ளீடு வந்தால் என்ன ஆகும் என்பதை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆட்கள் தேடி வருவதோ அதற்காகத்தான்.

ஈமாக்ஸில் உள்ள ஸ்பிளிட்-ஸ்ட்ரிங் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) துண்டுகளாக்கிப் பட்டியலாகத் தரும். இரு ஓரங்களிலும் இடைவெளி உள்ள இரண்டு சொற்களைப் பிரிப்பான் எதுவும் குறிப்பிடாமல் கொடுத்தால் இரண்டு துண்டுகள் வரும். அதே சரத்துக்கு, ‘ஒன்றோ பலவோ இடைவெளி’ என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷனை (தேடல் வடிவத்தை) நீங்களே பிரிப்பானாகக் கொடுத்தால் நான்கு வரும். முதலிலும் கடைசியிலும் இருப்பவை வெற்றுச் சரங்கள். பிரிப்பான் இல்லாதபோது வெற்றுத் துண்டுகள் தாமாகவே நீங்கும். பிரிப்பானைக் கொடுத்தால் மூன்றாவது ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குத் தரும் உள்ளீடு) மூலம் நாம்தான் நீக்கச் சொல்ல வேண்டும். இதை எழுதாத விளக்கம் எத்தனை நீளமாக இருந்தும் பயனில்லை.

மூலத் தரவை மாற்றும் ஃபங்ஷன்களுக்கு இன்னும் கவனம் தேவை. டெல்க்யூ என்ற ஃபங்ஷன் ஒரு பட்டியலிலிருந்து உறுப்பை நீக்குகிறது. ஆனால் நீங்குவது முதல் உறுப்பானால், பட்டியலை வைத்திருந்த மாறி (வேரியபிள்) அந்த உறுப்போடு அப்படியே இருக்கும். திரும்பி வரும் மதிப்பை மாறியில் மறுபடி ஏற்றியாக வேண்டும். உங்கள் பேக்கேஜில் இப்படி ஏதாவது இருந்தால் அதை இரண்டாம் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தேடியது கிடைக்காவிட்டால் நில் (‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பு) வருமா, பிழை எழுமா என்பதையும் சொல்லுங்கள்.

வடிவம் பற்றிச் சுருக்கமாக: முதல் வரி முழு வாக்கியமாக, 80 எழுத்துகளுக்குள் முடியட்டும், ஃபங்ஷன்களைச் சொல்லால் தேடும் அப்ரோபோஸ் கட்டளையில் அது மட்டுமே தெரியும். ஆர்க்யுமென்ட் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும். இவற்றை டாக்ஸ்டிரிங்கின் வடிவத்தைச் சோதிக்கும் செக்டாக் கருவி சரிபார்த்துவிடும். எழுதியது உண்மையா என்பதை அது பார்க்காது.

எடுத்துக்காட்டுகளுக்கு, 2022-இல் வந்த ஈமாக்ஸ் 28-இன் ஷார்ட்டாக் வசதியை (ஃபங்ஷன்களைக் குழுவாக, எடுத்துக்காட்டுகளோடு ஒரே பக்கத்தில் காட்டுவது) உறுதியாகப் பரிந்துரைப்பேன். உங்கள் ஃபங்ஷன்களுக்கென ஒரு குழுவை அமைத்து, எடுத்துக்காட்டுகளை ‘இவால்’ குறியோடு எழுதினால், பக்கத்தைத் திறக்கும்போது அவை உண்மையாகவே இயங்கி விடையைக் காட்டும். நிரல் மாறினால் விடையும் தானே மாறும். கோப்புகளைத் தொடும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் ‘நோ-இவால்’ போட்டு, விடையை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அந்த விடைகளைக் கையால் சரிபார்க்க வேண்டியிருக்கும்.