மகள் லைசென்ஸ் எடுக்கப் போகிறாள். டிரைவிங் ஸ்கூல் மட்டும் போதுமா, நானும் ஏதாவது செய்ய வேண்டுமா?

"பழகுநர் உரிமம் வந்துவிட்டது, பயிற்சிப் பள்ளியிலும் சேர்த்தாயிற்று, பெற்றோராக இன்னும் வேலை இருக்கிறதா" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, பெரும்பகுதி உங்கள் வேலைதான். என் மகனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

வண்டியை நகர்த்த, திருப்ப, நிறுத்த, டெஸ்டில் தேற டிரைவிங் ஸ்கூல் சொல்லித் தந்துவிடும். ரோட்டில் அடுத்த நொடி என்ன ஆகும் என்று ஊகிக்கிற புத்தி ஓட்டி ஓட்டித்தான் வரும். ஸ்வீடனில் 1993-ல் பழகத் தொடங்கும் வயதை 17½-லிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். லைசென்ஸ் வயது 18 என்பது மட்டும் மாறவில்லை. கூடுதலாகக் கிடைத்த அந்தக் காலத்தைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் சராசரியாக 120 மணி நேரத்துக்கு நெருக்கமாக ஓட்டிப் பழகினார்கள். லைசென்ஸ் வாங்கிய பிறகு அவர்கள் விபத்தில் சிக்குவது கணிசமாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 120 மணி நேரம் ஓட்டி, அதில் 20 மணி நேரத்தை இரவில் ஓட்டி, பதிவுப் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். பகல், இரவு, மழை, நெரிசல் என்று எதில் எவ்வளவு ஓட்டியிருக்கிறாள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வண்டியின் காப்பீடு பழகுபவருக்கும் செல்லுமா, பக்கத்தில் உட்காருபவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் காலி மைதானம். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சீட்டைச் சரியாக வைக்கப் பழக்குங்கள். பிரேக்கை முழுக்க அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிவதற்கு அந்த இடம் தேவை. வண்டியில் ஏபிஎஸ் (வேகமாக பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கிற அமைப்பு) இருந்தால், முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடத்தில், மிதமான வேகத்தில் போய் ஒரே அழுத்தாக பிரேக் அடிக்கச் சொல்லுங்கள். மிதி காலுக்கடியில் தடதடவென்று அதிரும். முதல்முறை அதை உணரும்போது வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். ஆபத்தான நேரத்தில் அப்படிக் கால் தூக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பயிற்சி. அதிர்ந்தாலும் அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம் என்று அவள் காலும் கையும் தெரிந்துகொள்ளட்டும்.

ரோட்டுக்கு வந்ததும் எனக்கு மிகவும் கைகொடுத்தது, பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வைத்ததுதான். "முன்னால் வேன் நிற்கிறது, அடியில் இரண்டு கால் தெரிகிறது, யாரோ குறுக்கே வரலாம், நான் மெதுவாகப் போகிறேன்." மகன் இப்படிச் சொல்லிக்கொண்டே ஓட்டுவான். ஆரம்பத்தில் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தை மட்டுமே சொன்னான். போகப் போக, ஓரமாக நிற்கும் கார் சக்கரத்தைத் திருப்புகிறது, சைக்கிள்காரர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார் என்று தூரத்தில் இருப்பதையும் சொல்ல ஆரம்பித்தான். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் பேசுவதும் முக்கியம். "திரும்பு" என்று கடைசி நொடியில் சொன்னால் பிள்ளை பதறிப்போய்க் கண்ணாடி பார்க்காமல் வளைப்பாள். "அடுத்த சிக்னலில் வலது" என்று இடத்தை முதலில், முன்கூட்டியே சொல்லுங்கள். "நிறுத்து" என்ற சொல்லை உண்மையான ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தப்பு நடந்தால் வண்டியை ஓரம் கட்டிய பிறகு பேசலாம். கோபம் வருகிற நாளில் பயிற்சியே வேண்டாம்.

வேகத்தைக் கணக்காகக் காட்டினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும், கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்பே. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். செல்போனை எடுத்துப் பார்க்கிற இரண்டு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

டெஸ்டுக்கு என்று தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. எதற்கெல்லாம் மதிப்பெண் குறைப்பார்கள் என்பதை முன்பே படிக்கட்டும், டெஸ்டுக்குக் கொண்டுபோகும் வண்டியிலேயே பழகட்டும். கண்ணாடி பார்க்கும்போது தலை அசைந்தால்தான் தேர்வாளர் கண்ணில் படும்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் பெரும்பாலான வீடுகளில் பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கவலை அதிகம். பக்கத்தில் பெரியவர் இருக்கும்வரை பழகுபவர்களுக்கு விபத்து குறைவு. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. இரவும், வண்டி நிறைய நண்பர்களும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். நியூசிலாந்து 1987-லேயே இதற்காகப் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்து, புதிதாக ஓட்டுபவர்களுக்கு இரவு நேரத்துக்கும் கூட வருபவர்களுக்கும் கட்டுப்பாடு வைத்தது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லையென்றால் வீட்டிலேயே வையுங்கள்: முதல் ஆறு மாதம் நண்பர்களை ஏற்றக் கூடாது, இரவில் தனியாக வெகுதூரம் போகக் கூடாது. டெஸ்டுக்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். பிறகு சொன்னால் தண்டனை மாதிரி இருக்கும். பெருமழையில் முதல்முறை ஓட்டும்போதும், நெடுஞ்சாலையில் முதல்முறை ஏறும்போதும், லைசென்ஸ் இருந்தாலும், பக்கத்து சீட்டில் நீங்கள் உட்காருங்கள்.