அடகு நகையும் புதிய தலைமை அதிகாரியும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சிறிய தென்னந்தோப்பு உண்டு. தம்பி சொன்னதைக் கேட்டு 20 பவுன் நகையை 12% வட்டிக்கு அடகு வைத்து, 6 லட்சம் ரூபாய்க்கு ஒரு தனியார் வங்கியின் பங்குகளை வாங்கி 13 மாதங்கள் ஆகின்றன. போன மாதம் ஓராண்டு வட்டியைச் சம்பளத்திலிருந்து கட்டி அடகைப் புதுப்பித்தேன். புதிய தலைமைச் செயல் அதிகாரி வந்த முதல் ஆண்டில் பெரும் நஷ்டம் காட்டிய அந்த வங்கி, மறு ஆண்டே லாபத்துக்குத் திரும்பிவிட்டது. பங்குகளின் மதிப்பு இப்போது 6.7 லட்சம். அவர் இருக்கும்வரை பயமில்லை, மீதி நகையையும் வைத்து வாங்கலாம் என்கிறான் தம்பி. எனக்குத் தூக்கமே வருவதில்லை.

பதில்: முதலில் கணக்கு. 6 லட்சத்துக்கு மாத வட்டி 6,000 ரூபாய். 13 மாதங்களுக்கு 78,000. செயலியில் உங்கள் தம்பி காட்டும் லாபம் 70,000. ஆக, வங்கி மீண்டிருக்கலாம். நீங்கள் 8,000 ரூபாய் நஷ்டத்தில் இருக்கிறீர்கள். போன மாதம் அடகைப் புதுப்பிக்கச் சம்பளத்திலிருந்து கட்டிய 72,000 ரூபாயை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி அந்த அதிகாரியின் பெருமைக்கு வருவோம். புதிதாகப் பொறுப்பேற்பவர் பழைய வாராக்கடன்களை எல்லாம் முதல் ஆண்டிலேயே வெளியே எடுத்து, அவற்றுக்கு முழு ஒதுக்கீடு செய்துவிடுவது, அதாவது அவை திரும்பாது என்று கருதி அந்தத் தொகையை வருமானத்திலிருந்து கழித்துவிடுவது, வங்கித் தொழிலில் வழக்கம். அந்த நஷ்டத்தின் பழி முன்னவர் தலையில் விழும். மறு ஆண்டு ஒதுக்கீடு குறைவதாலும், கைகழுவிய கடனில் கொஞ்சம் வசூலாவதாலும் கூடும் லாபம் இவர் பெயரில் எழுதப்படும். ஒதுக்கீட்டுக்கு முந்தைய செயல்பாட்டு லாபம் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரி போதும். தென்னை வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழியாற்றுத் தண்ணீர் ஒழுங்காக வந்ததன் பலனும் போட்ட எருவின் பலனும் காயாகத் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் தன் கைராசி என்று சொல்லிக்கொள்வார்.

வாராக்கடனில் தத்தளித்த யெஸ் வங்கி 2020 மார்ச்சில் கைமாறியதை நினைவுபடுத்துகிறேன். பாரத ஸ்டேட் வங்கியும் மற்ற நிதி நிறுவனங்களும் சேர்ந்து 10,000 கோடி ரூபாய் முதலீடு செய்தன. அந்த வங்கி வெளியிட்டிருந்த 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களின் மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டு, அது வழக்காகவும் போனது. ஸ்டேட் வங்கியிலிருந்து வந்து தலைமையேற்ற பிரசாந்த் குமாரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் வராமல் எவர் வந்திருந்தாலும் வங்கி மீண்டிருக்காது. அதைவிட உங்களுக்கு முக்கியமானது, 100 பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்த பழைய பங்குதாரர்களால் அவற்றில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாமல் போனது. கடன் வாங்கி அவற்றை வாங்கியவருக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை.

தலைவரால் ஆவது ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. 1993இல் தள்ளாடிக்கொண்டிருந்த கணினி நிறுவனமான ஐபிஎம்முக்குத் தலைமையேற்க வந்த லூ கெர்ஸ்ட்னர், நிறுவனத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் திட்டத்தைக் கைவிட்டார். அந்த முடிவு அவருடையது. அதே சமயம், ஆப்பிளின் கடைகளை உருவாக்கிப் புகழ்பெற்ற ரான் ஜான்சன் 2011இல் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் அங்காடி நிறுவனத்துக்குத் தலைமையேற்க, 2012இல் அதன் விற்பனை சுமார் கால் பங்கு சரிந்து, 2013 ஏப்ரலில் அவர் வெளியேற நேர்ந்தது. ஆள் அதே ஆள்தான். இத்தகைய ஒருவரை முன்கூட்டியே இனங்காண நம்மால் முடியும் என்று வைத்துக்கொண்டாலும், செய்தித்தாளில் படம் வரும்போது அவருடைய திறமைக்கான விலை பங்கில் ஏறிவிட்டிருக்கும்.

எனவே மீதி நகையைத் தொடாதீர்கள். பங்குகளை விற்று, 6 லட்சமும் ஒரு மாத வட்டியும் கட்டி நகையை மீட்டுவிடுங்கள். கையில் சுமார் 64,000 நிற்கும். ஓராண்டு கடந்துவிட்டதால், வேறு பங்கு ஆதாயம் இல்லையெனில் 1.25 லட்சம் வரை வரியும் கிடையாது. தம்பி அடுத்து, செயலியிலேயே தரகர் கடன் தரும் மார்ஜின் வசதியைப் பற்றிப் பேசுவார்; விலை இறங்கினால் உங்களைக் கேட்காமலேயே பங்கை விற்றுவிடும் ஏற்பாடு அது. அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவர் தம் பணத்தில் வாங்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். அக்காவின் கழுத்து நகையில் வேண்டாம். மீட்கும்போது ஒவ்வொரு நகையின் எடையையும் அடகுச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.